தென்காசியில் காற்று எப்படி?

முதல்லயே சொல்லிடறேன் அக்கா, இது நான் கண்ணால பார்த்தது இல்லை. பாதி எங்க ஆபீஸ் டிரைவர் மூக்கையா அண்ணன் சொன்னது. மீதி இன்பநாதன் சாரே சொன்னது. ஆமா, அவரேதான், எட்டு மணிச் செய்தி வாசிப்பாரே, அவர். "டிவியில வேலை பார்க்கிறியே, அந்த ஆளு நெசத்துல எப்படிம்மா?"ன்னு நீங்க கேட்டதாலதான் சொல்றேன். இல்லைன்னா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட ஆபீஸ் விஷயம் பேசற ஆள் இல்லை நான்.

நல்ல மனுஷர். அதைத்தான் முதல்ல சொல்லணும்.

துவரங்குறிச்சிதானே? வந்தா நான் சொல்றேன், கவலைப்படாதீங்க. இப்பதான் விராலிமலை தாண்டியிருக்கோம். அந்தக் குக்கரைக் கீழே வைங்களேன், கல்யாணப் பொண்ணு மாதிரி மடியிலேயே வச்சிருக்கீங்க.

நான் டிவியில எல்லாம் வரமாட்டேன். எங்க அம்மா மட்டும் தெருவில எல்லார்கிட்டயும், "வளர்மதி டிவியில இருக்கா, சீக்கிரம் வருவா"ன்னு சொல்லி வச்சிருக்காங்க. நான் இருக்கிறது டேப் அறையில். பழைய ஒளிபரப்பு எல்லாம் டேப்பா கிடக்கு. அதை ஒவ்வொண்ணா ஓட்டி, கேட்டு, கம்ப்யூட்டர்ல ஏத்தணும். அவ்வளவுதான் வேலை. எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளை. சேர்ந்த புதுசுல ஒரு மீட்டிங்ல எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க, எனக்கு முன்னாடி நாற்காலி காலியாத்தான் இருக்கு, நான் நின்னுக்கிட்டே இருக்கேன். யாரும் உட்காருன்னு சொல்லலை, அதனால நின்னேன். சார்தான் பேச்சை நிறுத்திட்டு, "ஏம்மா, நிக்கறதா வேண்டுதலா?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு உட்கார்ந்தேன். அன்னையிலிருந்து அவர் மேல ஒரு இது. மரியாதைன்னு வச்சுக்கோங்க. அதனால நான் சொல்றதுல கொஞ்சம் அவர் பக்கம் சாய்வு இருக்கும். அதையும் சொல்லிட்டேன்.

அவர் ஆம்பூர்க்காரர். அப்பா தோல் பதனிடற ஷாப்ல தொழிலாளி. அந்த ஊர்ல கால்பந்துன்னா உயிராம். பள்ளிக்கூடம் படிக்கும்போதே மைதானத்தில மைக்கைப் பிடிச்சிருக்கார். பந்து கோல் பக்கத்துல போகலைன்னாக்கூட இவர் குரலைக் கேட்டு, ரோட்டில போறவன் சைக்கிளை நிறுத்திட்டு வந்து எட்டிப் பார்ப்பானாம். அந்தக் குரல்தான் அவரைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்தது. முதல்ல அவர் செய்தி வாசிக்கலை அக்கா. அது யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர் விளையாட்டு வர்ணனைதான் பண்ணினார். கபடி, கால்பந்து, கைப்பந்து எல்லாம்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வர்ணனை பண்றவர் மைதானத்திலேயே இருக்க மாட்டார். நீங்களும் அங்கதான் இருக்கார்னு நினைச்சிருப்பீங்க. இல்லை. ஆட்டம் தென்காசியில நடக்கும். கேமராக்காரர் அங்க இருப்பார். படம் சென்னைக்கு வந்துடும். சார் சென்னையில, ஜன்னல்கூட இல்லாத ஒரு சின்ன அறையில, ஒரு சின்ன டிவியைப் பார்த்துக்கிட்டு, அங்கேயே நிக்கிற மாதிரி பேசணும். எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான் பண்ணினாங்க, தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா சார் மாதிரி யாருக்கும் வரலை. ஏன்னா அவர் ஒரு காரியம் பண்ணுவார். மேஜை மேல ஒரு போன் இருக்கும். ஆட்டத்துக்கு நடுவில மைதானத்திலிருந்து கேமராக்காரர் கூப்பிடுவார். சார் மைக்கைக் கையால மூடிக்கிட்டு, "காத்து எப்படி?"ன்னு கேட்பார். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம், "நேயர்களே, இங்கே மேற்கிலிருந்து சில்லென்று ஒரு காற்று..."ன்னு ஆரம்பிப்பார். வீட்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் குளிரும்.

அந்த அறையில விளம்பரம் தெரியாது. அது முக்கியம், ஞாபகம் வச்சுக்கோங்க. வீட்ல உங்களுக்கு நடுவில சோப்பு விளம்பரம் வரும், சார் பார்க்கிற டிவியில மைதானம் மட்டும்தான். எப்ப விளம்பரம் போகுது, எப்ப முடியுதுன்னு அவருக்குச் சொல்ல மாட்டாங்க. மறு ஒளிபரப்புக்கு முழுசாத் தேவைப்படும்னு, அவர் நிறுத்தாம பேசிக்கிட்டே இருக்கணும். அதுதான் ஏற்பாடு.

சரி, இப்ப அந்த ஆட்டம்.

பெண்கள் கபடி. தென்காசியில திறந்தவெளி மைதானம், சாரல் சீசன். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பொண்ணு, பூங்கோதைன்னு பேர். கபடி கபடின்னு பாடிப் போனா வெறுங்கையோட திரும்பாதாம். அன்னைக்கு அந்தப் பொண்ணு பாடிப் போச்சு. எதிர் டீம்ல நாலு பேர் சேர்ந்து பிடிச்சுட்டாங்க. பிடிபட்டா எழுந்து வெளியே போய் உட்காரணும், திரும்ப முறை வந்தா உள்ளே வரணும், கபடியில அதுதானே வழக்கம்? ஆனா அந்தப் பொண்ணு எழுந்திருக்கலை. படுத்தே கிடந்தது. அந்த டீம் முன்னணியில இருந்தது. நேரம் கடத்தறதுக்காக அப்படிப் படுக்கறது உண்டாம். சார் அப்படித்தான் நினைச்சிருக்கார். சின்ன டிவியில முகம் எங்க தெரியும்? அவர் சொன்னது இது: "எழுந்திரும்மா பூங்கோதை, நடிச்சது போதும், தென்காசியில தியேட்டர் வேற பக்கம் இருக்கு."

அறையில இருந்தவங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். புரொட்யூசர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாராம்.

மறுநாள்தான் கேமராக்காரர் சொன்னார்னு சார் சொல்றார். முழங்கால் மொத்தமாப் போச்சாம். அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் ஆடவே இல்லை.

அதோட சார் வர்ணனையை விட்டுட்டார். கெஞ்சியிருக்காங்க, சம்பளத்தை ஏத்தறோம்னு சொல்லியிருக்காங்க, முடியாதுன்னுட்டார். "எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற வேலை கொடுங்க, என் வாயை இனி நான் நம்ப மாட்டேன்"னாராம். அப்படி வந்ததுதான் அந்த எட்டு மணிச் செய்தி. நீங்க கவனிச்சிருக்கீங்களா? ஒரு வார்த்தைகூடக் கூடுதலா பேச மாட்டார். எல்லாரும் அதைக் கண்ணியம்னு பாராட்டுவாங்க. அது கண்ணியம் இல்லை அக்கா, பயம். ஊர்ல எந்தப் பொண்ணு நொண்டி நடந்தாலும் முகத்தைத் திருப்பிக்குவாராம். கோயிலுக்குப் போனா என்ன வேண்டிக்கறதுன்னு தெரியாம திரும்பி வந்துடுவாராம். இதெல்லாம் அவரே என்கிட்ட சொன்னது. கேன்டீன்ல, டீ ஆறிப் போக ஆறிப் போக.

ரிட்டயர் ஆனதும் ஒரு நாள் மூக்கையா அண்ணனைக் கூப்பிட்டு, "வண்டியை எடு, மேலூர் போகணும்"னார். பூங்கோதையோட விலாசத்தை எப்படியோ விசாரிச்சு வச்சிருக்கார். வழியெல்லாம் பேசவே இல்லையாம். மூக்கையா அண்ணன் சொன்னார், "டிவியில அம்புட்டுப் பேசற மனுசன், செங்கல்பட்டுலேர்ந்து மேலூர் வரைக்கும் ரெண்டே தடவ வாயைத் தொறந்தார்மா. ரெண்டும் ஒண்ணுக்குப் போகணும்னு."

சிரிக்காதீங்க. நான் சொல்றது வருத்தமான கதை.

பூங்கோதை இப்ப மாவு மில் வச்சிருக்காங்க. இவங்க போனப்போ மிளகாய் அரைச்சுக்கிட்டிருந்திருக்காங்க. ஒரே சத்தம், ஒரே நெடி. சார் வாசல்ல நின்னு தன் பேரைச் சொல்றார், அவங்களுக்குக் கேட்கலை. மறுபடி சொல்றார், தும்மல் வருது. அவங்க சுவிட்சை அணைச்சுட்டு, காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்து வந்து, "யாருங்க? கரண்டு பில்லா?"ன்னு கேட்டிருக்காங்க. அந்த நடையைத்தான் சார் பார்த்துக்கிட்டு நின்னாராம்.

அதுக்குள்ள உள்ளேயிருந்து அவங்க அம்மா வந்துட்டாங்க. அந்தம்மாவுக்கு முகம் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கு. "ஆத்தி, இது செய்தி வாசிக்கிறவருல்ல? ஏ பூங்கோதை, நாற்காலியை எடுத்துப் போடுடி"ன்னாங்க.

சார் உட்காரலை. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னார். தென்காசி, சின்ன அறை, நடிச்சது போதும்னு சொன்னது. எல்லாத்தையும் சொல்லிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பூங்கோதை கையில ஒட்டின மிளகாய்த்தூளைத் தட்டிக்கிட்டே கேட்டாங்களாம். "அப்படியா சொன்னீங்க? எனக்குத் தெரியாதுங்களே. நான் அப்ப வாயில துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். ஊர்லயும் நீங்க அப்படிச் சொன்னீங்கன்னு ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே."

"உங்களுக்குப் பெரிய மனசும்மா. தெரியாத மாதிரி பேசறீங்க."

"நெசமாத்தாங்க."

"இல்லம்மா. ஊரே கேட்டிருக்கும். நீங்க என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க."

அப்பதான் அந்தம்மா பேசியிருக்காங்க. மூக்கையா அண்ணன் இதை அப்படியே பேசிக் காட்டினார். "ஐயா, அன்னைக்கு எங்க தெருவே எங்க வீட்டு டிவி முன்னாடிதான் கெடந்துச்சு. எம்மக பாடிப் போறா, நாலு பேரு பிடிச்சுப்புட்டாளுக. அம்புட்டுத்தான், சோப்பு வந்துருச்சு. சோப்பு முடிஞ்சு பாத்தா எம்மகளைக் காணோம். பிடிபட்டவ எல்லாம் திரும்ப வர்றா, இவ மட்டும் வரல. நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கீக. எம்மக எங்கன்னு இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு அவ அப்பா டிவி கிட்டப் போயிக் காதை வச்சுக்கிட்டு நின்னாரு."

"அம்மா, நான் சொன்ன அந்த வார்த்தை..."

"ஒரு வார்த்தையைத்தான்யா தேடுனோம். டீமோட போன புள்ள டீமோட வரலை. ஆசுபத்திரியில கெடக்கான்னு தகவல் வந்து சேர்றதுக்குள்ள, எவன்கூடவோ ஓடிட்டான்னு ஊரு பேசி முடிச்சிருச்சு. ஆட்டத்துக்கு நடுவுலயே காணாமப் போனவதானேன்னு. அவ அப்பா தெருவுல நின்னு, எனக்கு மகளே இல்லைன்னுட்டாரு. அப்புறம் உண்மை தெரிஞ்சும் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவாரு? ஆசுபத்திரிக்குப் போகவே இல்லை. கடைசி வரைக்கும் மக மூஞ்சியைப் பாத்துப் பேசவும் இல்லை. அந்த வெக்கத்தோடயே போய்ச் சேந்தாரு."

"அதுக்குத்தாம்மா வந்திருக்கேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நடிப்புன்னு சொன்னது என் வாய்தான், இந்த வாய்தான்"னு சார் தன் வாயிலேயே அடிச்சுக்கிட்டாராம். கண்ணுல தண்ணி கொட்டுது. அந்தம்மா என்னவோ சொல்ல வந்தவங்க, அவர் அழறதைப் பார்த்துப் பேச்சை நிறுத்திட்டாங்க. அதுக்குள்ள மிளகாயோட காத்திருந்த ஒரு பாட்டையா, "ஏ பூங்கோதை, மன்னிச்சு விடு தாயி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, அரைச்சுக் குடு"ன்னு சத்தம் போட்டிருக்கார். பூங்கோதை சிரிச்சுட்டாங்க. "சரிங்க சார், மன்னிச்சாச்சு. வெளிய நில்லுங்க, நெடி ஒத்துக்காது"ன்னுட்டு சுவிட்சைப் போட்டுட்டாங்க.

திரும்பி வரும்போது சார் பாட்டுப் பாடிக்கிட்டே வந்தாராம். மூக்கையா அண்ணன் இதை ஆபீஸ் முழுக்கச் சொன்னார். சொல்லும்போது அவரும் அழுதார். நானும் அழுதேன். அந்தம்மா சொன்னதை நான் அப்ப பெருசா எடுத்துக்கலை. வயசானவங்க, பழசைப் பேசினாங்கன்னு நினைச்சேன். சார் மனசு லேசாச்சேங்கிற சந்தோஷம்தான் எனக்கு.

இப்ப சேனல்ல சாருக்கு ஒரு பாராட்டு நிகழ்ச்சி பண்றாங்க. அதுல அந்தத் தென்காசிக் கதையைச் சாரே சொல்லப் போறார். மேடையில பூங்கோதையும் அவங்க அம்மாவும் உட்காருவாங்க. எல்லார் முன்னாடியும் சார் மறுபடி மன்னிப்புக் கேட்பார், அவங்க மன்னிப்பாங்க. எங்க தலைமைப் புரொட்யூசர், "கண்ணீர் நிச்சயம்"னு சொல்லிட்டார். அவங்களை அழைச்சுட்டு வரத்தான் நான் போறேன். பொம்பளைப் பிள்ளை போனா நம்பி வருவாங்கன்னு என்னை அனுப்பறாங்க. நல்லபடியா முடிஞ்சா என் வேலையை நிரந்தரம் பண்றதைப் பத்திச் சார் பேசறேன்னு சொல்லியிருக்கார்.

அந்த நிகழ்ச்சிக்காக அந்த ஆட்டத்தோட டேப்பை எடுக்கச் சொன்னாங்க. நான் எடுத்தேன். அங்கதான் வந்தது வினை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரெண்டு டேப் இருக்கும் அக்கா. ஒண்ணுல சார் அந்த அறையில பேசினது முழுக்க இருக்கும். இன்னொண்ணுல வீட்டுக்கு என்ன வந்து சேர்ந்ததோ அது மட்டும் இருக்கும், விளம்பரத்தோட. கேட்கிறவங்க எல்லாம் முதல் டேப்பைத்தான் கேட்பாங்க. நான் பயந்த சுபாவம், எதையும் ரெண்டு தடவை பார்த்தாத்தான் தூக்கம் வரும். அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டினேன். முதல் டேப்பில "நடிச்சது போதும்" இருக்கு. ரெண்டாவது டேப்பில அந்த இடத்துல சோப்பு. ஒரு குழந்தை நுரையை ஊதிக்கிட்டிருக்கு.

புரியுதா? ஆட்டம் நின்னதும் விளம்பரத்தைப் போட்டுட்டாங்க. அந்த வார்த்தை யார் வீட்டுக்கும் போகவே இல்லை. மறு ஒளிபரப்பும் நடக்கலை, அந்த நேரத்துல வேற படம் போட்டிருக்காங்க, பதிவேட்டில அதையும் சரிபார்த்துட்டேன். அந்த அறைக்கு வெளியே ஒருத்தர்கூடக் கேட்காத ஒரு வார்த்தைக்காக அந்த மனுஷர் இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு வாழ்ந்திருக்கார். ஓடிப் போய்ச் சொல்லணும்னு எழுந்துட்டேன். சார், நீங்க தப்பே பண்ணலை சார்னு.

கதவு வரைக்கும் போயிட்டேன். அப்பதான் அந்தம்மா சொன்னது ஞாபகம் வந்தது. சோப்பு முடிஞ்சு பார்த்தா எம்மகளைக் காணோம். திரும்பி வந்து, ஹெட்போனை மாட்டி, மீதியையும் கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாதுன்னு ஒரு மனசு சொல்லுது. கேட்கத்தானே சம்பளம்னு இன்னொரு மனசு.

சாருக்கு நான் இன்னும் சொல்லலை. பாட்டுப் பாடிக்கிட்டு நடக்கிற மனுஷரை எப்படி நிறுத்தறது? ஆனா அந்தம்மாவை மேடையில உட்கார வச்சு, அவங்க கேட்காத மன்னிப்பைக் கொடுத்து, கைத்தட்டச் சொல்றது... ரெண்டு டேப்பிலிருந்தும் அந்த இடத்தைப் போனில் ஏத்தி எடுத்துட்டு வந்திருக்கேன். அவங்களுக்கு முதல்ல போட்டுக் காட்டப் போறேன். கேட்டுட்டு வரணுமா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும். வேலை போனா போகுது. அப்படித்தான் இப்ப நினைக்கிறேன். மேலூர்ல இறங்கும்போதும் இப்படியே நினைக்கணும்.

என்ன அக்கா? ஏன் எழுந்திருக்கிறீங்க?

ஐயோ. துவரங்குறிச்சி போயிடுச்சா? எப்ப? நின்னுதா? நீங்க என் கையைத் தட்டினீங்களே, அது இதுக்குத்தானா? நான் கதையில இருந்தேன் அக்கா, கவனிக்கவே இல்லை. சொல்றேன்னு சொல்லிட்டு... கண்டக்டர் அண்ணே! இங்க ஒருத்தங்க இறங்கணும்ணே! கொட்டாம்பட்டியில நிறுத்துவாராம். எதிர்ல உடனே பஸ் இருக்கும். குக்கரைக் கொடுங்க, நான் படி வரைக்கும் தூக்கிட்டு வர்றேன். மன்னிச்சுக்கோங்க அக்கா.

அந்த மீதி என்னன்னுதானே கேட்கிறீங்க? சொல்லிடறேன், இது யார் சொன்னதும் இல்லை, நானே திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்தது. முதல் டேப்பில, அந்தப் பொண்ணு கீழே கிடக்கும்போதே போன் அடிக்குது. சார் மைக்கைக் கையால மூடறார். கையால மூடினா குரல் அமுங்கும், அழியாது. "ம்... முழங்காலா? எந்த ஆஸ்பத்திரிக்கு? திருநெல்வேலியா, சரி சரி. காத்து எப்படி?" மறுநாள் இல்லை அக்கா, அப்பவே. ரெண்டாவது டேப்பில, சோப்பு முடிஞ்சதும் அவர் சொல்ற முதல் வார்த்தை, "நேயர்களே, தென்காசியில் இப்போது இதமான சாரல்." ஆட்டம் முடியற வரைக்கும் கேட்டேன். காத்து வருது, சாரல் வருது, சோப்போட பேர் வருது. பூங்கோதைங்கிற பேர் வரவே இல்லை.